அளந்ததில் ஒரு பிடி

அந்த அக்கா உள்ளங்கையை விரித்து எதையும் கொடுத்து, ஒரு நாள் தவிர, நான் பார்த்ததில்லை. நம் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுப்பார். மூடிய கையை நம் கைக்குள் கவிழ்த்து, நம் விரல்களையும் அவரே மடக்கிவிட்டு, "செரி, போ" என்பார். உள்ளே இருப்பது ஏலக்காயா, பஸ்ஸுக்கான சில்லறையா, வறுத்த முந்திரியா என்று தெருவுக்கு வந்து விரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

மக்களே, என் சின்ன மகளே, போன வாரம் நீ கல்லூரியிலிருந்து போன் செய்தாய். தோழிகளோடு சேர்ந்து துணிப்பை தைத்து இணையத்தில் விற்கப் போவதாகச் சொன்னாய். ஒரு பை விற்றால் ஒரு ஏழைப் பிள்ளைக்கு ஒரு நோட்டு. கொள்ளாம், நல்லதுதான் என்றேன். அடுத்து நீ கேட்டாய்: "அப்பா, பேஜுல போட ஒரு பிள்ளைக்க படம் வேணும். நம்ம தெருவுல யாராவது உண்டுமா? பாத்தா கொஞ்சம் பாவமா இருக்கணும்." யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். போனில் எனக்குப் பேச்சு கூடி வராது. எழுதினால் ஒருவேளை வரும். அதனால் அந்த அக்காவைப் பற்றி எழுதுகிறேன். சிப்ஸ் மாமி என்றால் உனக்கு ஞாபகம் வரும். நீ அப்போது மூன்றாம் வகுப்பு. சிப்ஸ் தின்றது மட்டும்தான் நினைவிருக்கும். உன் அக்காவுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. எழுதுவதற்கு முன் சென்னைக்குப் போன் போட்டு அவளிடம் கேட்டேன். "எழுதுங்கப்பா, அவளுக்கும் தெரியட்டு" என்றாள். அதற்குப் பிறகுதான் பேனாவை எடுத்தேன். ஏன் கேட்டேன் என்பது போகப் போக உனக்கு விளங்கும்.

நம் சபையில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உன் அம்மா செய்வதை நீ தினமும் பார்க்கிறாய். சோற்றுக்கு அரிசியை அளந்து, களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு கை அள்ளி ஒரு டின்னில் போடுவது. ஞாயிறு ஆராதனைக்குப் போகும்போது அந்த டின்னைக் கோவிலுக்குக் கொண்டுபோய்ப் பெரிய பெட்டியில் கொட்டுவார்கள். அது இல்லாதவர்களுக்குப் போகும். கொட்டிய பிறகு எந்த வீட்டு அரிசி எது என்று யாராலும் சொல்ல முடியாது.

அக்காவுக்கு இந்த விஷயத்தில் ஒரு பிடிவாதம் இருந்தது. "அளக்கதுக்கு முன்ன எடுத்தா அது மிச்சம்லே. அளந்த பொறவு எடுக்கணும். அண்ணைக்கு உலையில ஒரு பிடி கொறையணும். அதாக்கும் பிடியரிசி."

அரிசியோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. எதை அளந்தாலும் அதில் ஒரு பிடி எடுத்துவிடுவார். டீக்கடையில் கிளாஸ் வந்ததும் ஒரு வாய் டீயைப் பக்கத்திலிருப்பவர் கிளாஸில் ஊற்றிவிட்டுத்தான் குடிப்பார். அவர் கேட்டாரா கேட்கவில்லையா என்பது கணக்கில்லை. சாளை மீனைக் கழுவி உப்பும் மிளகும் தடவிய பிறகு அதில் இரண்டை எடுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுப்பார். அலாரம் ஐந்து மணிக்கு வைத்திருப்பார், எழுவது நாலே முக்காலுக்கு. அந்தக் கால் மணி நேரம், குவைத்தில் தன்னோடு ஒரே வீட்டில் வேலை பார்த்த ஒரு இலங்கைக்காரிக்கு ஜெபம்.

"எக்கா, பகல்ல செய்யப்பிடாதா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பகல்ல கெடைக்கது மிச்ச நேரம்லா" என்றார்.

குவைத்தில் பல வருஷம் வீட்டுவேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவர். வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் கட்டுவதுபோல அவரும் வீட்டோடு ஒரு கார் ஷெட் கட்டினார். கார்தான் வாங்கவில்லை. அந்த ஷெட்டில் அடுப்புப் போட்டு, நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, ஏத்தன் வாழைக்காயில் சிப்ஸ் வறுக்கத் தொடங்கினார். நான் லோடு ஆட்டோ ஓட்டினேன். காலையில் களியக்காவிளைச் சந்தையிலிருந்து ஏத்தங்குலைகளை ஏற்றி வருவேன். சாயங்காலம் பார்சல்களைக் கூரியர் ஆபீசுக்குக் கொண்டுபோவேன். தேங்காய் எண்ணெய் வாசனை என் சட்டையிலேயே இருக்கும். நீங்கள் இரண்டு பேரும் அதை மோந்து பார்ப்பீர்கள்.

விற்பனை இணையத்தில்தான். கடையின் பக்கத்தை உண்டாக்கிக் கொடுத்தது அவருடைய அண்ணன் மகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல பையன். ஒரு நாள் ஷெட்டில் உட்கார்ந்து சிப்ஸை நொறுக்கிக்கொண்டே, "அத்தை, இப்ப சாமானை மட்டும் வித்தா போராது. ஆளுவ வாங்கும்போ ஒரு நல்ல காரியம் செஞ்ச மாதிரி இருக்கணும். ஒரு பாக்கெட் வாங்கினா ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சாமான்னு போடுவோம். வெளிநாட்டுல எல்லாம் இதாக்கும் டிரெண்டு" என்றான்.

"சிப்ஸ் வாங்கினா புண்ணியம் ஃப்ரீயா மக்கா?"

"அப்பிடித்தான்னு வச்சுக்கிடுங்க."

"அந்தப் புண்ணியத்துக்கும் வரி உண்டுமா?"

காய் சீவிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. யோசித்தார். பிறகு, "செய்வோம். ஆனா பிடியரிசி மாதிரி செய்யணும்" என்றார். கடையின் பக்கத்தில் அப்படியே எழுதினான் அந்தப் பையன்: ஒவ்வொரு பாக்கெட்டிலிருந்தும் ஒரு பிடி, ஒரு பிள்ளைக்கு.

அவன் எழுதியது ஒன்று, அக்கா புரிந்துகொண்டது ஒன்று. மறுநாள் முதல், கால் கிலோ பாக்கெட்டைத் தராசில் நிறுத்து, ஒட்டுவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடி சிப்ஸை எடுத்துப் பெரிய டின்னில் போட்டார். எல்லாப் பாக்கெட்டிலும் எடுத்தார். எங்கள் யாருக்கும் அதில் தப்புத் தோன்றவில்லை. அளந்ததிலிருந்து எடுப்பதுதானே பிடி? டின் நிறைந்ததும் சனிக்கிழமை தெருச் சந்திப்பில் வைத்து சில்லறையாக விற்றோம். அந்தக் காசில் நோட்டும் பையும் வாங்கினோம்.

பத்து நாளில் போன் வரத் தொடங்கியது. முதல் போன் சென்னையிலிருந்து ஒரு அம்மா. ஸ்பீக்கரில் போட்டு அக்கா பேசினார்.

"கால் கிலோன்னு போட்டிருக்கீங்க, எடை குறையுதே?"

"ஒரு பிடி எடுத்தோம்லா அம்மா. பேஜுல எழுதியிருக்கே."

"அதை நீங்கதானே கொடுக்கணும்? என் பாக்கெட்ல ஏன் கை வைக்கிறீங்க?"

"எனக்க கையிலருந்து குடுத்தா புண்ணியம் எனக்குல்லா வரும்? நீங்களும் குடுத்தாத்தானே ஒங்களுக்கு உண்டு?"

 அந்த அம்மா, "ஏங்க, நிஜமாவே எடுத்தீங்களா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டார். எல்லோரும் அப்படிச் சிரிக்கவில்லை. ஒருவர் திருட்டுக் கூட்டம் என்று எழுதினார். பெங்களூர் பையன் தலையில் கைவைத்துக்கொண்டான். "அத்தை, எடை ஆபீசுல இருந்து வந்தா ஷெட்டைப் பூட்டிருவாவ!"

அக்காவுக்கு அன்றுதான் விஷயம் உறைத்தது. அடுத்தவர் அளவில் கை வைத்துவிட்டோம் என்று நாள் முழுக்கப் புலம்பினார். அதுவரை வாங்கிய அத்தனை பேருக்கும் ஒரு பிடி சிப்ஸை உறையில் போட்டு அனுப்பினோம். சிப்ஸைவிடக் கூரியர் செலவு அதிகம். நான் சொன்னபோது, "கல்லி வல்லி" என்றார். குவைத்தில் பிடித்துக்கொண்டு வந்த சொல். விட்டுத் தள்ளு என்று அர்த்தம். அதன் பிறகு பிடி அவருடைய பங்கிலிருந்து போனது. பாக்கெட்டில் கால் கிலோ கால் கிலோவாகவே இருந்தது.

இவ்வளவும் சிரிக்கிற கதை. இனி எழுதுவதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அந்த ஆனி மாதம் திருநெல்வேலியில் ஒரு லோடு இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பி வந்தேன். ஆரல்வாய்மொழியில் அத்தனை காற்றாலைகளையும் சுழற்றுகிற காற்று, வெறும் லோடு ஆட்டோவைச் சும்மா விடுமா? வண்டி சாய்ந்தது. என் கால் அதற்கு அடியில். மூன்று மாதம் கட்டிலில் கிடந்தேன்.

சபையிலிருந்து பிடியரிசியில் ஒரு சாக்கு வீட்டுக்கு வந்தது. முதல் நாள் அந்தச் சோற்றைப் பாதியில் தள்ளி வைத்தேன். பிறகு பழகிவிட்டது. எந்த வீட்டு அரிசி என்று தெரியாததால் தெருவில் யாரைப் பார்த்தும் நான் தலை குனிய வேண்டியிருக்கவில்லை.

உன் அக்கா அப்போது ஏழாம் வகுப்பு. அவளுடைய பையின் வார் அறுந்து, அம்மா சணலால் கட்டிக் கொடுத்திருந்தாள். சிப்ஸ் மாமி என்னைப் பார்க்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை ஒரு புதுப் பையோடு வந்தார், நீல நிறம். முன்பக்கத்தில் கடையின் பெயரை எம்பிராய்டரி செய்திருந்தது. கூடவே பெங்களூர் பையனும் வந்தான்.

அன்று காலைதான் டிபன் பாத்திரத்தின் மூடியைத் தொலைத்ததற்காக உன் அம்மா அவளை நன்றாகத் திட்டியிருந்தாள். கண் கலங்கியே இருந்தது. புதுப் பையை மார்போடு பிடித்துக்கொண்டு, காலடியில் சணல் கட்டிய பழைய பை கிடக்க, அவள் நிமிர்ந்து பார்த்தாள். பையன் போனை எடுத்து, "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கிடட்டா?" என்று என்னிடம் கேட்டான்.

"எடுத்துக்கோ தம்பி" என்றேன்.

மக்களே, நான்தான் சொன்னேன். அவளிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தப் படம் கடையின் பக்கத்தில் போனது. கீழே ஒரு வரி: இவள் கண்ணீரைத் துடைத்தது உங்கள் ஒரு பாக்கெட். ஓணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. ஆர்டர் மழையாகக் கொட்டியது. ஷெட்டில் இன்னொரு அடுப்புப் போட்டார்கள். களியக்காவிளையில் கடனுக்குக் குலை எடுத்தார்கள். என் வண்டிக்குப் பதிலாக வேறொரு வண்டி இரண்டு நடை ஓடியது. படுக்கையில் கிடந்து நானும் சந்தோஷப்பட்டேன், நம் பிள்ளையின் படத்தால்தானே இவ்வளவும் என்று.

பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை அந்தப் படத்தை வீட்டுப் போனில் பார்த்திருக்கிறது. மறுநாள் வகுப்பே கூப்பிட்டது. "ஏட்டி, சிப்ஸ் பிள்ளே!" இடைவேளையில் ஒருத்தி சிப்ஸ் பாக்கெட்டைக் கொண்டுவந்து நீட்டி, "இந்தா, ஒரு பாக்கெட் வாங்கியாச்சு. இனி கரையாத, கண்ணைத் தொடச்சுக்கோ" என்றாளாம். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரிப்பு.

வீட்டில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. புதுப் பையை ஆணியில் மாட்டினாள், பழைய பையைத் தூக்கிக்கொண்டு போனாள். நாலு நாள் கழித்து அதுவும் இல்லை. வயிற்று வலி என்று படுத்துக்கொண்டாள். ஒரு வாரம் போகவில்லை. எட்டாவது நாள்தான் அம்மாவிடம் அழுது சொன்னாள், "படத்தை எடுக்கச் சொல்லும்மா, இல்லெண்ணா நான் பள்ளிக்கூடத்துக்கே போகமாட்டேன்."

உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அந்த அக்காவிடம் எப்படிச் சொல்வது? ஓணம் தலைக்கு மேல் நிற்கிறது. கால் சரியானால் நான் திரும்ப ஓட்ட வேண்டியது அவர் லோடுதான். இரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன். பிள்ளை படுத்தே கிடந்தாள்.

மூன்றாம் நாள் அக்காவே வந்தார். உட்காரும் முன்பே அவர் கண் ஆணிக்குப் போனது.

"ஏட்டி மக்களே, பை பிடிக்கலியா?"

அவள் போர்வைக்குள்ளிருந்து, "அது எனக்க பை இல்ல மாமி" என்றாள்.

"பின்ன யாருக்க?"

"பாக்கெட் வாங்கினவியளுக்க."

அக்கா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். உன் அம்மா மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள். சிப்ஸ் பிள்ளை என்பதைக் கேட்டதும் அவர் கை தன்னால் மூடிக்கொண்டது. நான் என் பங்குக்கு, "விடுங்க எக்கா, சின்னப் பிள்ளைய இப்பிடித்தான், ஓணம் கழியட்டு" என்றேன்.

"நீ மிண்டாத" என்று என் வாயை அடைத்தார். என்னிடம் அவர் அப்படிப் பேசியது அந்த ஒரு தடவைதான். பிறகு போர்வையைப் பார்த்துச் சொன்னார்: "சென்னைக்காரிக்க பாக்கெட்ல எடுத்தேன், அவ போன் போட்டுக் கேட்டா. திருப்பிக் குடுத்தேன். உனக்க அளவுலயும் எடுத்திட்டேன் மக்களே. நீ கேக்கவும் செய்யல."

அங்கேயே உட்கார்ந்து பையனுக்குப் போன் போட்டார். அவன் பதறியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "அத்தை, இப்ப எடுக்காண்டாம்! ஒரு வாரம் பொறுங்க. படத்தைப் பாத்துத்தான் ஆர்டர் வருது. குலையெல்லாம் எறக்கி வச்சாச்சு. முகம் இல்லாட்டா ஆளுவ வாங்கமாட்டாவ."

"முகம்தான வேணும்?"

"ஆமா."

"நான் தாரேன். நீ மொதல்ல இதை எடு."

மறுநாள் பத்து மணிக்குத் திரும்பி வந்தார். கையில் அவர் போன். நேரே உன் அக்காவிடம் போய் அதை நீட்டினார். அன்று மட்டும் கை விரிந்திருந்தது.

கடையின் பக்கம். உன் அக்கா படம் இருந்த இடத்தில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஏழைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் மிஷன் போர்டிங்கின் வராந்தாவில் தட்டோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும் சிறுமிகள். ஓரத்தில் ஒருத்தியைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. மொட்டைத் தலை. தோளிலிருந்து வழுகும், யாருடையதோ ஆன கவுன். கீழே அவர் சொல்லச் சொல்ல அந்தப் பையன் எழுதிய வரி: இந்தப் பிள்ளை ஊரார் பிடியரிசியில் வளர்ந்தது. இப்போது சிப்ஸ் விற்கிறது. வாங்குங்கள்.

எங்களுக்கு இது தெரியாது. அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. சித்தி வீட்டில் நின்று படித்தவள் என்றுதான் அவர் குடும்பத்தில் சொல்லி வைத்திருந்தார்கள். அவர் அண்ணன் மகனுக்கே அன்றுதான் தெரிந்தது.

உன் அக்கா போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"மாமி, ஏன் மொட்டை?"

"பேன்."

"எவ்வளவு பேன்?"

"எண்ணுகதுக்கு முன்ன மழிச்சுட்டாவ. சிரிக்காத."

அவள் சிரித்தாள். பத்துப் பதினோரு நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது. உன் அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள்.

"இனி எவளாவது சிப்ஸ் பிள்ளைன்னு கூப்பிட்டா, இதைக் காட்டு. சிப்ஸ் பிள்ளை நானாக்கும்னு மாமி சொன்னான்னு சொல்லு."

அப்போது அவர் போன் அடித்தது. அண்ணன். அவர் கத்தியது வாசல் வரை கேட்டது. "போர்டிங்ல கெடந்ததை உலகத்துக்கெல்லாம் காட்டணுமா? எனக்க மகளுக்கு மாப்பிள்ளை பாக்கியது தெரியாதா உனக்கு?" அக்கா போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டார். முகம் வாடித்தான் இருந்தது. அவருக்கு வலித்ததை நான் பார்த்தேன். முடிந்ததும், "கல்லி வல்லி" என்றார். குரலில் வலு இல்லை.

பிறகு ஆணியிலிருந்து பையை எடுத்தார். ஒரு பிளேடு கேட்டார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கடையின் பெயரை ஒவ்வொரு நூலாகப் பிரித்து எடுத்தார். ஒரு மணி நேரம் ஆனது. நூல் துண்டுகளைக் கையில் பொத்திக்கொண்டு, "இப்ப உனக்க பை" என்றார்.

திங்கட்கிழமை அவள் அந்தப் பையோடு பள்ளிக்கூடம் போனாள். பெயர் இருந்த இடத்தில் மட்டும் ஊசித் துளைகள் தெரிந்தன.

அந்த மொட்டைத் தலைப் படம் ஆர்டரைக் கொண்டுவந்து குவித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. சிலர் வாங்கினார்கள். அந்தச் சென்னை அம்மா பத்துப் பாக்கெட் வாங்கினார். நிறையப் பேர் வராமல் போனார்கள். ஓணம் கழிந்தும் ஷெட்டில் டின் டின்னாக சிப்ஸ் கிடந்தது. கிறிஸ்துமஸ் வரை எல்லா வீட்டிலும் அதைத்தான் தின்றோம். உனக்கு நினைவிருக்கிற சிப்ஸ் அதுதான். இரண்டாவது அடுப்பை அணைத்தார்கள், முதல் அடுப்பு இன்னும் சில வருஷம் எரிந்தது. நானும் கால் சரியாகி அந்த லோடுதான் ஓட்டினேன். அண்ணன் ஒரு வருஷம் அவரோடு பேசவில்லை. மகள் கல்யாணத்துக்கு வந்து கூப்பிட்டார். அக்கா போனார். மாப்பிள்ளை வீட்டாரில் ஒரு பெரியம்மா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நானும் அந்த போர்டிங்தான்" என்று காதில் சொன்னதாக எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

இப்போது அவர் இல்லை. தங்கை வீட்டுக்குப் போய் அங்கேயே இறந்துபோனார். அவர் பெயரை இதில் நான் எழுதவில்லை. பெட்டியில் கொட்டிய அரிசியில் பெயர் இருக்காது.

மக்களே, நீ கடையைத் தொடங்கு. நோட்டும் கொடு. நல்ல காரியம்தான், அதைச் சொல்லி விற்பதிலும் தப்பில்லை. அக்காவும் சொல்லித்தான் விற்றார். ஆனால் நம் தெருவில் பாவமாக இருக்கிற பிள்ளையை நான் தேடவில்லை. முகம் இல்லாவிட்டால் ஆட்கள் வாங்க மாட்டார்கள் என்று உன் தோழிகள் சொன்னால், இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். கால் முழுக்கக் கட்டுப்போட்டு, கட்டிலில் சாய்ந்து, மடியில் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு நான் இருக்கும் படம். உன் அம்மா எடுத்தது. தாடி கொஞ்சம் மோசம்.

அதைப் போடு. இந்த ஆள் வீட்டில் மூன்று மாதம் ஊராரின் அரிசி வெந்தது என்று கீழே எழுது. என்னிடம் கேட்க வேண்டாம், சொல்லிவிட்டேன்.